கொழு காய்ச்சிய மோர்

அன்று காலை வாசலில் இருந்தவர்கள் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, கயிற்றுக் கட்டிலில் அண்ணன், அவனுக்குக் கீழே தரையில் சாக்கு விரித்து நான். இல்லாதவர் அப்பா. அவர் விடிவதற்கு முன்பே மலையிறங்கி டானிக் வாங்கச் சந்தவாசலுக்குப் போயிருந்தார். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் மஞ்சள் காமாலை கண்டிருந்தது. ஆனால் டானிக் அண்ணனுக்கு. கட்டிலும் அண்ணனுக்கு. மாமா கரியடுப்பை ஊதி ஊதிப் பழுக்கவைத்துக்கொண்டிருந்த கொழுவும் அண்ணனுக்குத்தான்.

கொழு என்பது கலப்பையின் நுனியில் மண்ணைக் கீறுகிற இரும்பு. எங்கள் பக்கத்தில் காமாலைக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். நோய் கண்டவர் தன் கையால் புழங்குகிற இரும்பை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மோரில் முக்கி, சூடு ஆறுவதற்குள் அந்த மோரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஆணுக்கு அவன் ஓட்டுகிற ஏரின் கொழு. பெண்ணுக்கு அவள் பிடிக்கிற களைக்கொத்து, இல்லாவிட்டால் கதிர் அரிவாள். அடுத்தவருடைய இரும்பு ஆகாது. தினமும் கைபட்டுப் பழகிய இரும்புதான் அந்த உடம்பின் மஞ்சளை இழுக்கும் என்பார்கள்.

மாமா இடுக்கியால் கொழுவைத் தூக்கி மோர்ச்சட்டியில் இறக்கினார். சுர்ரென்று புகை எழுந்தது. மோர் திரிந்து, பொங்கி, ஓரமெல்லாம் கறுத்தது. மழை பெய்த முதல் நாள் பாறையிலிருந்து வருமே ஒரு வாடை, அதைப்போல ஒன்று வந்தது. இரண்டு நாளாக எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த வாடை மட்டும் குமட்டவில்லை.

"எனக்கும்மா?" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு ஏதுடா கொழு? நீ என்னிக்கு ஏர் புடிச்ச?"

மாமாவுக்கு இது போதும். "அதான் ஒரு டப்பாவுல காம்பஸ் வச்சினு கீறானே, அத காய்ச்சி ஊத்துக்கா. மஞ்சளு வட்டம் வட்டமா எறங்கிடும்."

கண்ணும் நகமும் மஞ்சளாகப் படுத்திருந்த அண்ணன்கூடச் சிரித்தான். "பேனா முள்ளும் இரும்புதான் மாமா. அதுக்கு ஒரு டம்ளரு மோரு தாங்கும்."

"தாங்காது மாப்ளே. மூடியில ஊத்தி முக்கணும்."

மூவரும் சிரித்தார்கள். எனக்கு வந்தது கீழாநெல்லி. வரப்போரம் தானாக முளைத்துக் கிடப்பதைப் பிடுங்கி, அம்மியில் நசுக்கி, உருட்டி அம்மா என் கையில் கொடுத்தாள். காசு கொடுக்காமல் கிடைப்பது எனக்கு, அப்பா மலையிறங்கி வாங்கி வருவது அவனுக்கு. வயிறு எரிந்தது. காமாலையில் எரிந்ததா, வேறு எதனாலாவது எரிந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்த டானிக்கின் மேல் எனக்கு முன்பிருந்தே கண். அதற்கு ஆறேழு மாதத்துக்கு முன்னால், புளி விற்கச் சந்தைக்குப் போன அப்பா, மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஒரு புட்டி வாங்கி வந்தார். இரும்புச் சத்து டானிக். "ரத்தம் ஊறும், ஏர் புடிக்கிற புள்ளைக்கு குடுங்க" என்றாராம் கடைக்காரர். பழுப்புக் கண்ணாடிப் புட்டி. உள்ளே கருஞ்சிவப்பாய்த் தண்ணீர். அம்மா அதைச் சாமை கொட்டி வைக்கும் பானைக்குள் புதைத்து வைப்பாள். காலையில் அண்ணன் ஏர் கட்டப் போகும்போது மூடியில் ஊற்றிக் கொடுப்பாள். குடித்துக் குடித்து அண்ணனின் பற்கள் கறுத்துவிட்டன. ஊரில் இளவட்டங்களுக்குள் அதுவே ஒரு பெருமை. "டானிக் பல்லு" என்பார்கள். நான் பள்ளி விடுதியிலிருந்து லீவில் வந்து அவன் சிரிக்கும்போது பார்த்தேன். எனக்கு வெள்ளைப் பல். அது கூச்சமாக இருந்தது.

உண்மையில் அந்த டானிக் வேண்டியிருந்தது எனக்குத்தான். பள்ளி விடுதிக்கு ஒரு முறை வந்த நர்ஸம்மா எல்லோருடைய கண்ணிமையையும் இழுத்துப் பார்த்தார். என்னுடையதை இழுத்ததும், "என்னடா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? ரத்தமே இல்லையே. வெறுங்கால்ல நடந்து நடந்து வயித்துல பூச்சி இருக்கும்" என்றார். பூச்சிக்கு மாத்திரை கொடுத்தார். இரும்பு மாத்திரை தீர்ந்துபோயிற்று, வந்ததும் தருகிறேன் என்றார். வரவே இல்லை. லீவில் வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். நேரடியாக டானிக் கேட்க வெட்கமாக இருந்ததால், எனக்கு ரத்தம் கம்மியாம் என்று மட்டும் சொல்லி, சாமைப்பானை இருந்த மூலையைப் பார்த்தேன். அம்மாவுக்குப் புரிந்தது.

"நீ குந்தினு எழுதறவன். அவன் மண்ணோட மல்லுக்கட்றவன். புட்டி கொஞ்சம்தான கீது, சாமி."

அந்த 'சாமி' எனக்கு, புட்டி அவனுக்கு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டு. அண்ணனுக்கும் கைநாட்டு. படிப்பினால் எனக்கு வீட்டில் மரியாதை உண்டு என்று விடுதியில் மற்ற பையன்களிடம் சொல்லிக்கொள்வேன். இருந்தது ஒருவகை மரியாதைதான். விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. வந்தால் பாய் போடுவார்கள், போகும்போது வாசல்வரை வருவார்கள். அண்ணன் வீட்டுக்காரன். அவன் பசித்தால் அம்மா திட்டிக்கொண்டே சோறு போடுவாள். எனக்குத் திட்டாமல் போடுவாள். அந்தத் திட்டுக்காக நான் ஏங்கினது யாருக்கும் தெரியாது.

அந்த ஆண்டு மழை ஓய்ந்து, சுனை கலங்கிக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். கிழக்குப் பக்கத்துக் குடிசைகளான கீழண்டைக் கொட்டாயில் இரண்டு பேருக்குக் காமாலை என்று கேள்விப்பட்டோம். நான் லீவுக்கு வந்து சில நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சோற்றைப் பார்த்தாலே வாந்தி. அதற்கு அடுத்து அண்ணனுக்கு. அவனுக்குக் கண் மஞ்சளானதை முதலில் பார்த்தவன் நான்தான். "அண்ணா, உன் கண்ணு மஞ்சளா கீது" என்றேன். "உன் கண்ணு வழியா பாக்கற, அதான்" என்றான். சாயங்காலத்துக்குள் படுத்துவிட்டான்.

கொழு காய்ச்சிய மோரை மூன்று காலை கொடுத்தால் போதும் என்பது வழக்கம். அம்மா மூன்றோடு நிறுத்தவில்லை. அப்பா புதிதாக வாங்கிவந்த டானிக்கும் சேர்ந்துகொண்டது. முன்பு மூடியில் ஊற்றிக் கொடுத்தவள் இப்போது டம்ளரில் ஊற்றினாள். "மஞ்சளு ரத்தத்த குடிக்குது. நாம ரத்தத்த ஊத்திக்கினே இருந்தா அது இன்னா பண்ணும்?" என்று மாமாவிடம் கேட்டாள். மாமாவுக்கும் அது சரியாகவே பட்டது. எனக்கும்தான். படித்தவனான எனக்கும் அந்தக் கணக்கில் தப்பு தெரியவில்லை. நோய் ஒன்றைத் தின்கிறது என்றால் அதையே மேலும் மேலும் கொடுப்பதுதானே நியாயம்? எனக்குத் தெரிந்த ஒரே அநியாயம், அது எனக்குக் கிடைக்காதது.

ஒரு வாரம் போயிற்று. எனக்குக் குமட்டல் நின்றது. கேழ்வரகுக் கூழைக் குடித்தேன், வயிற்றில் தங்கியது. கண்ணின் மஞ்சள் வெளுக்கத் தொடங்கியது. எழுந்து வேலிவரை நடந்தேன். இதை யாராவது பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பார்த்தது மாடு மட்டும்தான். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அண்ணனுக்கு மஞ்சள் கூடிக்கொண்டே போயிருந்தது. வயிறு உப்பியது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போயிற்று. இரவும் பகலும் உடம்பைச் சொறிந்து சொறிந்து தோலில் கோடு விழுந்திருந்தது.

ஊரே வந்து அவனைப் பார்த்தது. தேன் கொண்டுவந்தார்கள். பலாச்சுளை கொண்டுவந்தார்கள், அவன் தின்னவில்லை. "எப்பேர்ப்பட்ட ஒடம்பு! பாறைய நெம்பற ஆளாச்சே!" என்று வாயில் கைவைத்துக்கொண்டார்கள். வெளியே போகும்போது என்னைப் பார்த்து, "உனக்கும் வந்துச்சாமே? நீ பரவால்ல, எலும்பும் தோலுமா இருந்தாலும் தேறிட்ட" என்று சொல்லிப்போனார்கள். எனக்கு வந்தது ஏதோ சின்னக் காமாலை, அவனுக்கு வந்ததுதான் பெரிய காமாலை என்பதுபோல. நோயில்கூட அவனுக்கே பெரிய பங்கு. இப்படி நினைத்ததை இன்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் நினைத்தது அப்படித்தான்.

அப்பா இன்னொரு முறை மலையிறங்கினார். நான் விடுதியில் இருந்த வருஷங்களில் அவர் என்னைப் பார்க்க வந்ததில்லை. "தூரம் ஜாஸ்தி, கால் வலிக்குது" என்பார். இப்போது டானிக்குக்காக அதே காலோடு பத்து நாளைக்குள் இரண்டு தடவை போய்வந்தார்.

இரண்டாவது தடவை அவர் திரும்பி வந்த மத்தியானம், அண்ணன் டானிக்கைத் தள்ளிவிட்டான். கட்டிலிலிருந்து எழ முயன்று, "மாட்ட அவுத்து வுடு, வெயில் ஏறிடுச்சி" என்றான். வெளியே மேகமூட்டமாக இருந்தது. அம்மா அவன் கன்னத்தைப் பிடித்து, "டே, பெரியவனே, யார்ரா நான்?" என்றாள். அவன் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, ஏரில் வலது பக்கம் கட்டுகிற மாட்டின் பேரைச் சொன்னான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமா கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டார்.

"டோலி கட்டு" என்றார் அப்பா.

கம்பளியை நீளக் கழியில் கட்டி, அதற்குள் அண்ணனைப் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து இறக்கினார்கள். அடிவாரம்வரை வண்டி கிடையாது. அங்கிருந்து சந்தவாசலுக்கு மாட்டுவண்டி, பிறகு பஸ். நான் டானிக் புட்டிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். அம்மா ஒரு தூக்குப்போசியில் கடைசியாகக் காய்ச்சிய மோரையும் எடுத்துக்கொண்டாள். வழியில் டோலியை இறக்கிவைத்தபோதெல்லாம் அவன் உதட்டை நனைக்கப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். எனக்கு உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஒருவர்கூட 'நீ எதுக்குடா வர்ற' என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேச ஆள் வேண்டும் என்பதால்தான் என்னைக் கூட்டிப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரர். அண்ணனின் இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டிய கை பறவைச் சிறகு மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது. நர்ஸிடம் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கல்லீரல் ரொம்பக் கெட்டிருக்கு. மூளைவரைக்கும் போயிருக்கு. நான் பொய் சொல்ல மாட்டேன், பொழைக்கறது கஷ்டம். பாப்போம். என்னென்ன குடுத்தீங்க?"

அம்மா பெருமையோடுதான் பையிலிருந்து புட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்றுகூட மிச்சம் பிடிக்காமல் செலவு செய்திருக்கிறோம், பிள்ளையைக் கவனிக்காமல் விடவில்லை என்று டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு தூக்குப்போசியைத் திறந்து காட்டினாள்.

"இது இன்னாங்க, கொழு காய்ச்சின மோருங்க. அவனோட கொழுங்க. வேற யாருதும் இல்லீங்க."

டாக்டரம்மா புட்டியைத் திருப்பி ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். மோரை முகர்ந்தார். "எல்லாமே இரும்பு" என்றார். "காமாலை வந்த பிறகுமா குடுத்தீங்க?"

"அதுக்கு அப்புறம்தாங்க ஜாஸ்தியா குடுத்தோம்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. என்னைப் பார்த்து, "நீ படிக்கிற பையனா? சரி, நான் சொல்றத அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்தக் காமாலையை உண்டாக்குவது வைரஸ் என்கிற கிருமி. அது தண்ணீர் வழியாக வந்து கல்லீரலில் குடியேறுகிறது. நம் உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்கிற இடமும் அதே கல்லீரல்தான். உடம்புக்குத் தொற்று வந்தால், ரத்தத்தில் ஓடுகிற இரும்பை உடம்பே உள்ளே இழுத்துப் பூட்டி வைத்துக்கொள்ளும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும், அவற்றுக்குக் கிடைக்கக் கூடாது என்று. காய்ச்சல் வந்தவன் வெளுத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வெளுப்பைப் பார்த்து, ரத்தம் இல்லை என்று நாம் வெளியிலிருந்து இரும்பைக் கொட்டினால், பூட்டிய கதவை நாமே திறந்துவிட்டதுபோல ஆகும். புண்பட்ட கல்லீரலில் மிஞ்சிப்போன இரும்பு இன்னும் புண்ணாக்கும்.

"இது மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "சில பேருக்கு ஒண்ணுமே குடுக்காமலும் இப்படி முத்தும். ஆனா இது உதவி பண்ணல. இனிமே இரும்பு வேணாம்."

நான் அம்மாவிடம் எங்கள் பேச்சில் சொன்னேன். பூட்டு, கதவு என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைத் தாண்டி டாக்டரம்மாவிடம் கையைக் காட்டி, "இதோ, இவனுக்கும் அதே காமாலதாங்க வந்துச்சி. இவன் எப்படிங்க தேறினான்?" என்றாள்.

"இவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"கீழாநெல்லிங்க."

"டானிக்?"

"இல்லீங்க."

"இந்த மோர்?"

"இவனுக்கு ஏதுங்க கொழு?"

டாக்டரம்மா என் இமையை இழுத்துப் பார்த்தார். "இவன் உடம்புல முன்னாடியே இரும்பு கம்மி. நல்லதுன்னு சொல்ல வரல, இதுக்குத் தனியா வைத்தியம் பாக்கணும், ஆனா நோய் நல்லா தெளிஞ்ச பிறகு. நீங்க இவனுக்கு எதுவும் குடுக்காம விட்டதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு."

நான் அதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேனோ தெரியாது. இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். தலையைத் தடவுவாள், 'நல்லவேள' என்பாள். அவள் கண் என்மேல் ஒரு நொடிதான் நின்றது. உடனே குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கட்டிலுக்குப் போய்விட்டது.

"அப்போ, பெரியவனுக்கு நானே என் கையால ஊத்திட்டனா?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பாசம் மட்டும்தான் அவனுடையது என்று நினைத்திருந்தேன். அவளுடைய குற்றவுணர்ச்சியும் அவனுக்கே போயிற்று. நான் பிழைத்தது, அவள் என்னை நினைக்காததால். இதை ஒரு அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்தத் திரிந்த மோரை எனக்கும் ஊற்றியிருந்தால், நானும் பக்கத்துக் கட்டிலில் கிடந்திருப்பேன், அம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள் என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று யோசித்தேன். சாவு பயம்கூட அப்போது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

நாட்கள் அப்படியே போயின. அண்ணன் யாரையும் அறியாமல் கிடந்தான். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்தது. வெளியே மருந்துக்கடையில் வாங்கி வரச் சொல்லி எழுதிக் கொடுத்த ஊசி மருந்துகளை நான் ஓடி ஓடி வாங்கி வந்தேன். காசு தீர்ந்ததும் அப்பா ஊருக்குப் போவார், எதையாவது விற்றுவிட்டு வருவார். மாமா ஒருநாள் வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, எழுந்திருடா, நான் இனிமே அடுப்பே பத்த வைக்க மாட்டேன்" என்று அழுதார். டாக்டரம்மா காலையும் மாலையும் வந்து கையை நீட்டச் சொல்வார். நீட்டச் சொன்னதே அவனுக்கு விளங்காது. ஒரு காலை, சொன்னதும் கையை நீட்டினான். கை நடுங்கியது, ஆனால் முன்னைப்போல அடித்துக்கொள்ளவில்லை. அம்மா அந்தக் கைக்குக் கும்பிடு போட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம் நான் மட்டும் அவன் பக்கத்தில் இருந்தேன். அம்மா துணி அலசப் போயிருந்தாள். நான் ஒரு பன் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டே தம்பி. உனக்கு மோரு குடுக்கலயாமே?"

"யாரு சொன்னது?"

"அம்மாதான். பொலம்பிக்கினே இருந்துச்சி. எனக்கு எல்லாம் கேட்டுச்சி, பேசத்தான் வாய் வரல."

"எனக்கு எங்க குடுத்தாங்க? கேட்டேன், சிரிச்சீங்க."

"எனக்குக்கூடத்தான் சிலேட்டு குடுக்கல" என்றான்.

நான் பன்னைத் தின்பதை நிறுத்தினேன்.

"அப்பா உன் கையப் புடிச்சினு மலையெறங்கினாரே, பள்ளிக்கோடத்துல சேக்க. நான் பாற மேல ஏறி நின்னுனு இருந்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தனத்தான் அனுப்ப முடியும்னாரு. ஏரு புடிக்க ஒருத்தன் வேணுமாம். நான் பெரியவனாம். நீ புதுச் சட்டை போட்டுனு போன. திரும்பிப் பாப்பன்னு பாத்தேன். பாக்கவே இல்ல நீ."

"எனக்கு நெனப்பே இல்ல அண்ணா."

"உனக்கு இருக்காது. நின்னவனுக்குத்தான் இருக்கும்." பிறகு, "அந்த பன்ல பாதி குடு" என்றான்.

"டாக்டரம்மா வேணாம்னாங்க."

"படிச்சவன் புத்திய காட்டறான் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கு என்மேல் இப்படி ஒன்று இருந்திருக்கும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. மனசு இளகியிருக்க வேண்டும். கொஞ்சம் இளகியது. ஆனால் உள்ளே இன்னொன்றும் தோன்றியது. நான் டானிக்கின்மேல் கண் வைப்பதற்குப் பல வருஷம் முன்பே அவன் பாறைமேல் ஏறி நின்றுவிட்டிருக்கிறான். பொறாமைப்படுவதிலும் அவனே எனக்கு மூத்தவன்.

பின்னால் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, அறிவியல் விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். வைரஸ் தானாக ஒன்றையும் செய்துகொள்ளாது, நம் செல்லுக்குள் நுழைந்து, நம்முடைய பட்டறையிலேயே தன்னைப்போல் இன்னொன்றைச் செய்துகொள்ளும் என்றார். அந்தப் பட்டறை ஓடுவதற்கு இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் உடம்புக்கும் கேடு, கூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம். எவ்வளவு இருந்தால் எந்த நோய் எப்படி முற்றும் என்பது இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றும் சொன்னார். ஒரே சுனை, ஒரே நோய், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் படுத்து எழுந்தான், ஒருவன் சாவின் வாசல்வரை போனான். வேறு காரணங்களும் இருக்கலாம். என் சோகைதான் என்னைக் காத்தது என்று நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த மாட்டேன். அந்தச் சோகை தீர எனக்குப் பிறகு பல மாதம் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. எனக்கும் பல் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். மாத்திரைக்குக் கறுக்காதாம்.

அண்ணன் உயிரோடு வீடு திரும்பினான். பழைய உடம்பு வருவதற்கு அடுத்த விதைப்பு ஆயிற்று. அம்மா டாக்டரம்மா சொன்னதைத் தன் வழியில் பிடித்துக்கொண்டாள். இரும்பு அவனுக்கு ஆகாது, அவ்வளவுதான். உடம்பு தேறியபின் எல்லாம் சாப்பிடலாம் என்று அவர் சொன்னதை நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் நம்பவில்லை. அவனுக்கென்று சந்தையில் புது மண்சட்டி வாங்கினாள். இரும்புச் சட்டியில் வதக்கியதை அவன் இலையில் வைக்க மாட்டாள். எங்களுக்கெல்லாம் ஒரு குழம்பு, அவனுக்கு மட்டும் மண்சட்டியில் தனியாக, மணக்க மணக்க ஒரு குழம்பு.

"எனக்கும் அதுல ஊத்தும்மா."

"உனக்கு ரத்தம் கம்மிடா. நீ இரும்புச் சட்டில சாப்பிடு. டாக்டரம்மா சொன்னாங்கள்ல?"

அண்ணன் கறுத்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சட்டியை வழித்துத் தின்பான்.

அந்த விதைப்புக்கு எங்களிடம் ஏர் மாடு இல்லை. மாமாவின் மாட்டை இரவல் வாங்கித்தான் உழுதோம். ஜோடி மாட்டைக் கலசப்பாக்கம் பக்கத்து ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்தபோதே ஓட்டிப்போய்விட்டார். அவசரத்துக்கு விற்றதால் அவர் சொன்னதுதான் விலை. புளியமரங்களின் மகசூலை முன்பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆடுகள் ஒவ்வொன்றாகப் போயின. டோலி தூக்கியவர்களுக்குச் சோறும் கூலியும், வண்டி, பஸ், ஊசி மருந்து, குளுக்கோஸ், நாங்கள் தங்கித் தின்றது என்று எல்லாவற்றையும் ஒருநாள் அப்பா சொல்லச் சொல்ல நான் மனசுக்குள் கூட்டினேன். வீட்டில் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

என் காமாலைக்கு ஆன செலவு ஒரு காசு இல்லை. அண்ணனின் உயிருக்கு, டானிக் வாங்கிய பணத்தையும் சேர்த்து, எங்கள் வீடு கொடுத்தது அந்தக் காலத்து ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.